'தொடர்க' என்னும் பொத்தான்

விண்டோஸில் ஓடும் பழைய டாட்நெட் மென்பொருளை நாள்தோறும் கையாள்பவர்களுக்கு அந்தச் சின்னப் பெட்டி பழக்கமானது. யாரும் பிடிக்காத எக்ஸெப்ஷன் ஒன்று கிளம்பிவிட்டது என்று அது சொல்லும். கீழே மூன்று பொத்தான்கள்: விவரம், தொடர்க, வெளியேறு. தொடரச் சொன்னால் பிழையைக் கண்டுகொள்ளாமல் மேற்கொண்டு ஓடப் பார்ப்பேன், வெளியேறச் சொன்னால் உடனே மூடிவிடுவேன் என்று விளக்கமும் இருக்கும். இந்தக் கேள்வி கேட்கப்படுவது கல்லாவில் உட்கார்ந்திருப்பவரிடம். நிரலின் எந்த வரி உடைந்தது, நினைவகத்தில் எது பாதியில் நிற்கிறது, தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் தெரிய வாய்ப்பே இல்லாதவர் அவர். எதிரே நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள். 'தொடர்க'வைத்தான் அழுத்துவார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

அந்தப் பெட்டி வின்ஃபார்ம்ஸ் தானாகக் காட்டுவது. அது பிடிக்காத நிரலாளர்கள் சொந்தமாக ஓர் ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். நிரல் தொடங்கும் இடத்திலேயே, யாரும் பிடிக்காத எக்ஸெப்ஷன் வந்தால் இதைக் கூப்பிடு என்று ஓர் ஈவென்ட் ஹேண்ட்லரைப் பதிவுசெய்துவிடுவது. டாட்நெட்டில் ஆப்டொமைனின் அன்ஹேண்டில்ட் எக்ஸெப்ஷன் நிகழ்வு, நோட்.ஜேஎஸ்ஸில் அன்காட் எக்ஸெப்ஷன் நிகழ்வு, ஜாவாவில் 2004-இல் ஐந்தாம் பதிப்போடு வந்த அன்காட் எக்ஸெப்ஷன் ஹேண்ட்லர், பைத்தானில் எக்ஸெப்ட்ஹுக், உலாவியில் விண்டோ ஆன்எரர் என்று ஒவ்வொரு சூழலிலும் இதற்கு ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். மூன்று நான்கு வரி எழுதினால் போதும். ஆயிரம் இடங்களில் ட்ரை-கேட்ச் எழுதும் தொல்லை மிச்சம் என்ற எண்ணமும் கூடவே வந்துவிடும். முறை பரவியதற்கு அந்தச் சுலபமே காரணம். அதன் நன்மையையும் கெடுதலையும் எடைபோட எனக்கு ஒரே ஒரு கேள்விதான் பயன்பட்டிருக்கிறது: அந்த ஹேண்ட்லர் கூப்பிடப்படும் கணத்தில் அதற்கு என்ன தெரியும்?

எக்ஸெப்ஷன் கிளம்பியதும் ரன்டைம் அழைப்புச் சங்கிலியில் ஒவ்வொரு படியாக மேலேறி, இதைப் பிடிக்க யாராவது கேட்ச் எழுதியிருக்கிறார்களா என்று தேடுகிறது. கோப்பைத் திறக்கும் வரிக்குப் பக்கத்திலேயே ஒரு கேட்ச் இருந்தால் அதற்கு நிறையத் தெரியும். எந்தக் கோப்பு, எதற்காகத் திறந்தோம், கிடைக்காவிட்டால் மாற்று என்ன என்பதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். மேலே போகப் போக இந்த அறிவு தேய்கிறது. உச்சியையும் தாண்டி அந்தக் கடைசி ஹேண்ட்லரிடம் வந்து சேரும்போது மிஞ்சுவது எக்ஸெப்ஷனின் வகை, ஒரு வரிச் செய்தி, ஸ்டாக் ட்ரேஸ். எங்கே உடைந்தது என்று அதற்குத் தெரியும். எந்த வேலையின் நடுவில் உடைந்தது, அந்த வேலையில் எவ்வளவு முடிந்திருந்தது என்று தெரியாது.

இவ்வளவு கொஞ்சம் தெரிந்துகொண்டு உருப்படியாகச் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு: நடந்ததைப் பதிந்துவைப்பது. இதன் மதிப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஹேண்ட்லர் இல்லாத காலத்தில் வாடிக்கையாளரிடமிருந்து வரும் தகவல் "சார், திடீர்னு மூடிக்கிச்சு" என்பதோடு முடிந்துவிடும். எந்தத் திரை, எந்தப் பதிப்பு என்று தொலைபேசியில் அரை மணி நேரம் விசாரித்தாலும் ஒன்றும் தேறாது. ஹேண்ட்லர் எழுதிய நாலு வரி லாக் அந்த விசாரணையை மிச்சப்படுத்துகிறது. பெரிய அளவில் சேர்த்துப் பார்த்தால் பலன் இன்னும் வியப்பானது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் மைக்ரோசாஃப்ட் கிராஷ் அறிக்கைகளை இணையம்வழியே திரட்டத் தொடங்கியது. அதில் தெரியவந்ததை ஸ்டீவ் பால்மர் 2002-இல் வாடிக்கையாளர்களுக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டார்: ஏறத்தாழ 20 சதவீதப் பிழைகள் 80 சதவீதக் கோளாறுகளுக்குக் காரணம், 1 சதவீதப் பிழைகளே பாதிக் கோளாறுகளை உண்டாக்குகின்றன. எதை முதலில் திருத்த வேண்டும் என்று எந்த நிரலாளரின் உள்ளுணர்வும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்காது. சாகும் நிரல் விட்டுச்சென்ற வாக்குமூலங்களைக் கூட்டிப் பார்த்துக் கிடைத்த உண்மை இது.

வாக்குமூலம் வாங்குவதிலும் நேர்த்தி, நேர்த்தியின்மை உண்டு. டாட்நெட்டின் அன்ஹேண்டில்ட் எக்ஸெப்ஷன் நிகழ்வு, யாரும் பிடிக்கப்போவதில்லை என்று முடிவானவுடன், ஸ்டாக் கலைக்கப்படுவதற்கு முன்பே எழுப்பப்படுகிறது. அந்தக் கணத்தில் மெமரி டம்ப் எடுத்தால் உடைந்த இடத்தின் உள்மாறிகள்கூட அப்படியே கிடைக்கும். வின்ஃபார்ம்ஸின் த்ரெட் எக்ஸெப்ஷன் நிகழ்வு அப்படிப்பட்டதன்று. உள்ளே ஒரு சாதாரண கேட்ச் பிடித்த பிறகுதான் அது எழும்புகிறது. அதற்குள் ஸ்டாக் கலைந்துவிட்டது. சாட்சியம் பாதி அழிந்துவிட்டது. ட்ரேஸ் எழுத்தாகக் கிடைக்கும், அந்த இடத்தில் மாறிகளில் என்ன இருந்தது என்பது கிடைக்காது. இரண்டையும் ஒன்றுபோலப் பதிவுசெய்து, ஒரே செயற்கூறுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கும் நிரல்கள் ஏராளம்.

இதுவரை நல்ல பக்கம். பதிந்து முடித்ததும் ஹேண்ட்லருக்கு ஒரு சபலம் வருகிறது. டபிள்யூபிஎஃப்பில் டிஸ்பாட்சர் அன்ஹேண்டில்ட் எக்ஸெப்ஷன் நிகழ்வின் கூடவே 'ஹேண்டில்ட்' என்ற ஒரு பண்பு வருகிறது. அதை உண்மை என்று வைத்துவிட்டால் நிரல் சாகாது. நோட்.ஜேஎஸ்ஸில் அதுகூட வேண்டியதில்லை. ஹேண்ட்லர் என்று ஒன்று இருந்தாலே ப்ராசஸ் உயிரோடு இருந்துவிடும். வாடிக்கையாளருக்கு முன்னால் நிரல் மூடிக்கொள்ளாது என்பதை ஒரு தர அளவுகோலாகவே வைத்திருக்கும் அலுவலகங்கள் இருக்கின்றன. என் மறுப்பு இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு மருந்துக்கடையின் பில்லிங் நிரலை எடுத்துக்கொள்வோம். பில்லில் ஐந்து மருந்துகள். 'சேமி' என்றதும் நிரல் பில் எண்ணை ஒன்று கூட்டுகிறது. பிறகு ஒவ்வொரு மருந்தாக எடுத்து, வேகத்துக்காக நினைவகத்தில் வைத்திருக்கும் இருப்புப் பட்டியலில் ஸ்ட்ரிப் எண்ணிக்கையைக் குறைத்து, தள்ளுபடியைக் கணக்கிடுகிறது. ஐந்தும் முடிந்ததும் தரவுத்தளத்தில் எழுதுகிறது. மூன்றாவது மருந்துக்குத் தள்ளுபடி விவரமே உள்ளிடப்படவில்லை. நல் ரெஃபரன்ஸ் எக்ஸெப்ஷன். யாரும் பிடிக்கவில்லை, கடைசி ஹேண்ட்லர் பிடித்தது, லாகில் எழுதியது, 'சிறு பிழை ஏற்பட்டது, மீண்டும் முயலவும்' என்று காட்டியது, ஹேண்டில்ட் என்று அறிவித்தது. கல்லாவில் இருப்பவர் மூன்றாவது மருந்தை நீக்கிவிட்டு மறுபடி 'சேமி' என்கிறார். பில் வந்துவிடுகிறது. எல்லோருக்கும் திருப்தி.

முதல் மூன்று மருந்துகளின் இருப்பு ஏற்கெனவே ஒருமுறை குறைந்துவிட்டது. இப்போது முதலிரண்டும் இன்னொரு முறை குறைகின்றன. விற்காத மூன்றாவதும் குறைந்தபடியே நிற்கிறது. பில் எண்ணில் ஒன்று காணாமல் போய்விட்டது. ஜிஎஸ்டி விதிப்படி அந்த எண்கள் தொடர்வரிசையில் இருந்தாக வேண்டும். தப்பான இருப்பு அடுத்த பில்லோடு சேர்ந்து தரவுத்தளத்துக்குள்ளும் போய்விடுகிறது. மாதக் கடைசியில் இருப்புச் சரிபார்க்கும்போது கணக்கு உதைக்கும். கடைப்பையன் மேல் சந்தேகம் விழலாம். லாக் கோப்பில் இருக்கும் அந்த நல் ரெஃபரன்ஸ் வரியையும் இந்த இருப்புக் குறைவையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது, இரண்டுக்கும் நடுவே மூன்று வாரம் ஓடியிருக்கும்.

ஹேண்ட்லர் பதிந்துவிட்டு நிரலைச் சாகவிட்டிருந்தால்? மறுபடி திறக்க அரை நிமிடம். திறந்ததும் இருப்புப் பட்டியல் தரவுத்தளத்திலிருந்து புதிதாகப் படிக்கப்படும். அங்கே இந்தப் பில்லின் சுவடே இல்லை, எண்கள் சரியாக இருக்கும். மறுதொடக்கத்துக்கு மந்திரசக்தி எதுவும் கிடையாது. சந்தேகத்துக்குரிய நினைவகத்தை மொத்தமாக எறிந்துவிட்டு, நம்பத்தகுந்த ஓரிடத்திலிருந்து அது மறுபடி தொடங்குகிறது, அவ்வளவுதான். பத்து மணிக்கு ஓர் எரிச்சலைத் தவிர்த்ததற்கு விலையாக மாதக் கடைசியில் ஒரு பொய்க்கணக்கு கிடைத்தது.

பல த்ரெட்கள் ஓடும் நிரலில் இது இன்னும் மோசம். சி ஷார்ப்பில் பூட்டுப் போடும் 'லாக்', ஜாவாவின் சின்க்ரனைஸ்ட் இரண்டுமே எக்ஸெப்ஷன் வெளியேறும்போது பூட்டைத் தானாகத் திறந்துவிடுகின்றன. பார்க்க நல்ல ஏற்பாடு. ஆனால் பாதி மாற்றிய தரவை மற்ற த்ரெட்கள் பார்க்கக் கூடாது என்றுதானே பூட்டுப் போட்டோம்? எக்ஸெப்ஷன் வந்து பாதியில் நின்றதும் அந்தப் பாதித் தரவை எல்லோருக்கும் திறந்துவிடுகிறோம். ஜாவாவில் த்ரெட்டை நிறுத்தும் ஸ்டாப் செயற்கூறு கைவிடப்பட்டதற்கு இதுவே அதிகாரபூர்வக் காரணம்: பூட்டுகள் அவிழ்ந்து, சிதைந்த பொருள்கள் மற்ற த்ரெட்களின் கண்ணில் படும். ரஸ்ட் மொழி இந்த இடத்தில் ஒரு நல்ல முடிவு எடுத்தது. பூட்டை வைத்திருந்த த்ரெட் பேனிக் ஆகிச் செத்தால், அதன் மியூடெக்ஸில் நஞ்சு கலந்துவிட்டதாகக் குறி விழும். அடுத்து வருபவர் அந்தக் குறியைப் பார்க்காமல் உள்ளே போக முடியாது. கெட்டுப்போயிருக்கலாம் என்ற தகவல் தரவோடேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடைசி ஹேண்ட்லரிடம் இல்லாதது இந்தத் தகவல்தான்.

சில்லறைத் தொல்லை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். டைமர் ஒன்று நொடிக்கொருமுறை ஓடுகிறது, ஒவ்வொரு முறையும் எக்ஸெப்ஷன் எறிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹேண்ட்லர் ஒரு செய்திப் பெட்டியைத் திறக்கும். பெட்டி திறந்திருக்கும்போதும் விண்டோஸ் செய்திச் சுழல் ஓடிக்கொண்டே இருப்பதால் டைமர் மறுபடி தட்டும். மறுபடி எக்ஸெப்ஷன், இன்னொரு பெட்டி. பெட்டிமேல் பெட்டியாக ஏறி நிற்கும் திரையைப் பார்த்தவர்கள் 'நிரல் சாகவில்லை' என்பதைப் பெருமையாகச் சொல்ல மாட்டார்கள்.

பிழைக்குப் பிறகு தொடரலாமா என்ற வழக்கு புதியதன்று. ஐபிஎம்மின் பிஎல்/1 மொழியில் 1960-களிலேயே இன்றைய ஈவென்ட் ஹேண்ட்லர்களுக்குப் பாட்டன் முறையான ஆன்-யூனிட்கள் இருந்தன. பூச்சியத்தால் வகுத்தால் இதைச் செய், கோப்பு முடிந்தால் அதைச் செய் என்று எழுதிவைக்கலாம். சிலவற்றில் வேலை முடிந்ததும் விட்ட இடத்துக்கே திரும்பலாம். ஜான் குட்இனஃப் 1975-இல் எழுதிய கட்டுரை இந்த வழிகளை வகைபிரித்துத் தெளிவாக்கியது. விட்ட இடத்திலிருந்து தொடர்வதா, அந்த வேலையை முடித்துவிட்டு மேலே சொல்வதா? பார்பரா லிஸ்கோவ் குழுவின் சிஎல்யூ மொழி முடித்துக்கொள்வதைத் தேர்ந்தது. சி++-க்கு எக்ஸெப்ஷன் வடிவமைத்தபோது இதே விவாதம் மறுபடி வந்ததை பியார்ன ஸ்ட்ரூஸ்ட்ரப் பதிந்திருக்கிறார். ஜெராக்ஸின் மெசா, சீடர் மொழிகளில் தொடரும் வசதி இருந்தது. அதை விரும்பிப் பயன்படுத்தியவர்களே எழுதிய ஐந்து லட்சம் வரி அமைப்பில், பத்தாண்டுகளுக்குப் பிறகு அந்த வசதியின் பயன்பாடு ஒரே ஓரிடத்தில்தான் எஞ்சியிருந்தது, அதுவும் நீக்கப்பட்டது என்று ஜிம் மிட்செல் சி++ தரப்படுத்தும் குழுவிடம் எடுத்துச்சொன்னார். தொடரும் வசதி தோற்றது வாதத்தில் அன்று, பத்தாண்டுப் பழக்கத்தில்.

இந்த வரலாற்றில் வைத்துப் பார்த்தால் 'ஹேண்டில்ட்' என்ற அறிவிப்பு விநோதமான பிறவி. பழைய முறையில் தொடர்ந்தவர் விட்ட வரிக்கே திரும்பினார். பாதி வேலை முழுமையாக ஒரு வாய்ப்பாவது இருந்தது. முடித்துக்கொள்ளும் முறையில் அழைத்தவருக்குத் தகவல் போகிறது. அவர் தம் பாதி வேலையைச் சரிசெய்துகொள்ளலாம். இங்கே இரண்டும் இல்லை. வேலை நடுவழியில் கைவிடப்படுகிறது, அழைத்தவர்கள் யாருக்கும் சொல்லப்படுவதில்லை, செய்திச் சுழல் அடுத்த சொடுக்கை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. விஷுவல் பேசிக்கின் ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்டை ஏளனம் செய்த தலைமுறை, அதைவிட மேலான ஒன்றை எழுதிவிட்டதாக நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறது.

தளங்களைக் கட்டியவர்களே இதில் தடுமாறியிருக்கிறார்கள். டாட்நெட்டின் 1.0, 1.1 பதிப்புகளில் த்ரெட் பூலிலோ நாமே தொடங்கிய த்ரெட்டிலோ பிடிபடாத எக்ஸெப்ஷன் வந்தால் ரன்டைம் அதை விழுங்கிவிட்டு நிரலை ஓடவிட்டது. பின்னணி வேலை செத்துப்போனது யாருக்கும் தெரியாமல், எதற்கோ காத்துக்கொண்டே தொங்கும் நிரல்கள் பெருகின. 2005-இல் 2.0 வந்தபோது முடிவை மாற்றினார்கள்: எந்த த்ரெட்டாக இருந்தாலும் ப்ராசஸ் சாகும், ஹேண்ட்லர் பார்க்கலாம், தடுக்க முடியாது. பழைய வழியே வேண்டும் என்பவர்களுக்கு ஒரு கட்டமைப்புக் கொடியும் கொடுத்தார்கள். 2010-இல் 4.0 கொண்டுவந்த டாஸ்க்குகளிலும் இதே கண்டிப்பு. ஆனால் அங்கே எக்ஸெப்ஷனை யாரும் பார்க்கவில்லை என்பது குப்பை அள்ளும் நேரத்தில்தான் தெரியவரும் என்பதால், பிழை நடந்து வெகுநேரம் கழித்து, சம்பந்தமில்லாத ஒரு கணத்தில் நிரல் செத்தது. 2012-இல் 4.5 அந்தக் கண்டிப்பைத் தளர்த்தியது. நோட்.ஜேஎஸ் எதிர்த்திசையில் போனது. கவனிக்கப்படாத ப்ராமிஸ் நிராகரிப்புகளுக்கு வெறும் எச்சரிக்கை காட்டிக்கொண்டிருந்தது, 2020-இல் 15-ஆம் பதிப்பிலிருந்து ப்ராசஸையே முடித்துவைக்கிறது. அன்காட் எக்ஸெப்ஷன் ஹேண்ட்லருக்குப் பிறகு வழக்கம்போல் தொடர்வது பாதுகாப்பானதன்று என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. இந்த ஊசலில் எனக்குப் படுவது ஒன்று. சாவதா பிழைப்பதா என்பதை ரன்டைம் தீர்மானிக்கும்போதெல்லாம் அது பொதுவிதியாகத்தான் தீர்மானிக்க முடிகிறது. ஒவ்வொரு நிரலிலும் எது எதோடு பகிரப்பட்டிருக்கிறது என்று அதற்குத் தெரிய வழியில்லை.

சரி, எப்போதும் சாகவிட்டுவிடலாமே என்று ஒரு கட்சி இருக்கிறது. அவர்கள் பக்கம் பெரிய பெயர்கள். டான்டம் நிறுவனத்திலிருந்த ஜிம் கிரே 1985-இல், பழுது தெரிந்தவுடன் உடனே நின்றுவிடும் கூறுகளைக் கொண்டே நம்பகமான அமைப்பைக் கட்ட முடியும் என்று வாதிட்டார். சாவதையே நிறுத்தும் ஒரே வழியாக வைக்கும் மென்பொருளைப் பற்றி ஜார்ஜ் கேண்டியாவும் அர்மாண்டோ ஃபாக்ஸும் 2003-இல் எழுதினார்கள். அதே ஆண்டு எர்லாங் மொழியின் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில், தவறும் ப்ராசஸைச் சாகவிட்டு மேற்பார்வை ப்ராசஸைக் கொண்டு மறுபடி எழுப்பும் முறையை விளக்கினார். நானும் பெரும்பாலும் இந்தக் கட்சிதான். ஆனால் இந்தக் கட்சி அவசியம் படிக்க வேண்டிய அறிக்கை ஒன்று உண்டு.

1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணம். பறப்பு வரிசை தொடங்கி ஏறத்தாழ 40 நொடியில், சுமார் 3700 மீட்டர் உயரத்தில், வழி திரும்பி உடைந்து வெடித்தது. அறிவியல் ஆய்வுக்கான நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்கள் போயின. ஜாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு அதே ஆண்டு ஜூலையில் அறிக்கை தந்தது. ராக்கெட்டின் திசையையும் வேகத்தையும் அளக்கும் சடத்துவக் கருவியின் அடா நிரலில், 64 பிட் மிதவைப் புள்ளி எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது எண் கொள்ளவில்லை. எக்ஸெப்ஷன் கிளம்பியது, பிடிக்க அங்கே யாரும் இல்லை. அந்த எண் கிடைமட்ட வேகத்தைச் சார்ந்தது. நிரல் ஏரியான் 4-இலிருந்து அப்படியே எடுத்தது. ஏரியான் 5-இன் கிடைமட்ட வேகம் மிக அதிகம். இத்தகைய ஆபத்துள்ள ஏழு மாறிகளில் நான்குக்குத்தான் காப்பு எழுதியிருந்தார்கள். கணினியின் வேலைப்பளு 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற இலக்குக்காக மூன்றை விட்டுவிட்டார்கள். அதைவிட வேதனை, எக்ஸெப்ஷன் எறிந்த அந்தக் கணக்கு ராக்கெட் தரையைவிட்டுக் கிளம்பிய பிறகு எதற்கும் பயன்படாத ஒன்று.

பொதுவாக இந்தக் கதையை எண் மாற்றப் பிழை என்று சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அதற்கடுத்த கட்டம்தான் முக்கியம். எக்ஸெப்ஷன் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் கருவிக்கு வகுத்திருந்த விதி மூன்று பகுதி கொண்டது: பழுது என்று தரவுத்தடத்தில் அறிவி, நடந்த சூழலை இஇப்ராம் நினைவகத்தில் எழுது, ப்ராசஸரை நிறுத்து. இன்றைக்கு ஒரு நல்ல நிரலாளரிடம் கேட்டால் சொல்லும் அதே விடை: அறிவி, பதி, சாகு. பதிவும் ஒழுங்காக நடந்தது. சதுப்பு நிலமும் புல்வெளியுமாகக் கிடந்த பரப்பில் சிதறியவற்றிலிருந்து அந்த நினைவகத்தை மீட்டு, படித்து, காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். ராக்கெட்தான் இல்லை. மாற்றுக்கருவி இருந்தது; ஆனால் அதில் ஓடியதும் அதே நிரல், வந்ததும் அதே எண். முதன்மைக் கருவிக்கு முன்னதாகவே, முந்தைய 72 மில்லிநொடித் தரவுச் சுற்றிலேயே, அது நின்றுவிட்டிருந்தது. நின்ற கருவி அனுப்பிய பழுதறி எண்களைப் பறப்புக் கணினி உண்மையான திசைத் தரவு என்று எடுத்துக்கொண்டு, உந்துமுனைகளை எல்லைவரை திருப்பியது. ஹேண்ட்லரின் வாக்குமூலமே கட்டளையாகப் படிக்கப்பட்டுவிட்டது.

தற்செயலான வன்பொருள் பழுதை மட்டுமே மனத்தில் வைத்து இந்த விதி எழுதப்பட்டது என்று குழு சுட்டிக்காட்டியது. வன்பொருள் பழுது இரண்டு கருவியிலும் ஒரே நேரத்தில் வராது. நிரல் பிழை வரும். ஜிம் கிரே தம் கட்டுரையில் பிரித்துக்காட்டிய இரண்டு வகைப் பிழைகளை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். நேரத்தையும் சந்தர்ப்பத்தையும் பொறுத்து வந்துபோகும் பிழை மறுபடி ஓட்டினால் மறைந்துவிடும். உள்ளீடு அதுவானால் விளைவும் அதுவே என்னும் பிழை எத்தனை முறை எழுப்பினாலும் மறுபடி கொல்லும். முதல் வகைக்குச் சாவு மருந்து. இரண்டாம் வகைக்கு அது வெறும் சுழற்சி. திறந்தவுடன் சாகும் கைபேசிச் செயலியை மீண்டும் மீண்டும் தட்டிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். எந்த உணரியும் முடிந்தவரையிலான தரவை அனுப்புவதை நிறுத்தக் கூடாது என்று லியோன்ஸ் குழு பரிந்துரைத்ததை, தொடர்வோர் கட்சியின் வெற்றி என்று எடுத்துக்கொள்ள முடியாது. அந்தப் பரிந்துரையை நிறைவேற்ற, எந்த மாறி போனால் எந்த மதிப்பைக் கொண்டு ஒப்பேற்றலாம் என்று அந்தந்த இடத்தில் எழுத வேண்டும். உச்சியில் நிற்கும் ஹேண்ட்லரால் அதைச் செய்ய முடியாது.

இணையச் சேவையகங்களிலும் இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது. ஒரு நோட் ப்ராசஸ் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானவர்களின் கோரிக்கைகளைக் கையாள்கிறது. ஒருவருடைய கோரிக்கையில் எக்ஸெப்ஷன், ப்ராசஸ் செத்தது என்றால் மற்றவர்களின் பாதி வேலையும் போயிற்று. எந்த உள்ளீடு கொல்கிறது என்று விஷமி ஒருவர் கண்டுகொண்டால் அதையே திரும்பத் திரும்ப அனுப்பிச் சேவையையே முடக்கலாம். அதனால் கோ மொழியின் எச்டிடிபி சேவையகம், ஜாவா சர்வ்லெட் கொள்கலன்கள், ஏஎஸ்பி.நெட் கோர் எல்லாமே ஒவ்வொரு கோரிக்கையின் எல்லையிலும் பிடித்து, அந்தக் கோரிக்கையை மட்டும் தோற்றதாக முடிக்கின்றன. இது எனக்கு ஏற்புடையதே, ஒரு நிபந்தனையோடு: கோரிக்கைக்கென்று உண்டானவை கோரிக்கையோடு எறியப்பட வேண்டும், தரவுத்தள மாற்றங்கள் ஒரே பரிவர்த்தனைக்குள் இருந்து பின்வாங்கப்பட வேண்டும். பொதுவான ஒரு கேஷைத் தொட்ட நிரல்துண்டு நடுவில் உடைந்தால் இந்த எல்லையும் ஓட்டைதான். மருந்துக்கடை நிரலிலும் 'சேமி' என்ற வேலைக்கு இப்படி ஓர் எல்லை கட்டியிருந்தால் கடைசி ஹேண்ட்லரின் முறையே வந்திருக்காது.

எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்ற நம்பிக்கையும் பாதிதான் உண்மை. ஜாவாவின் எக்ஸிக்யூட்டரில் எக்ஸிக்யூட் என்று வேலை கொடுத்தால் எக்ஸெப்ஷன் ஹேண்ட்லருக்கு வரும். சப்மிட் என்று கொடுத்தால் ஃப்யூச்சருக்குள் போய் ஒளிந்துகொள்ளும், யாரும் எடுத்துப் பார்க்காவிட்டால் அங்கேயே கிடக்கும். குறித்த இடைவெளியில் ஓடவேண்டிய வேலை ஒருமுறை எக்ஸெப்ஷன் எறிந்தால் அடுத்த முறை ஓடவே ஓடாது, சத்தமும் வராது. இரவு அறிக்கை ஏன் ஒரு மாதமாக வரவில்லை என்று தேடும் கூட்டத்தில் இதை முதலில் சொல்பவருக்குப் புண்ணியம். பைத்தானில் த்ரெட்டுக்குள் எழும் எக்ஸெப்ஷனை எக்ஸெப்ட்ஹுக் பார்க்காது. அதற்கென்று தனிக் கதவு 2019-இல் 3.8 பதிப்பில்தான் வந்தது. வேறு தளத்திலிருந்து ஏற்றிய ஸ்கிரிப்டில் பிழை என்றால், உரிய அனுமதித் தலைப்புகள் இல்லாதவரை, உலாவி பாதுகாப்புக் கருதி 'ஸ்கிரிப்ட் எரர்' என்ற இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்ளும். டாட்நெட்டில் ஸ்டாக் நிரம்பி வழிந்தால் 2.0 முதல் எந்தக் கேட்சும் கூப்பிடப்படாது. நினைவகம் போதாமல் இயங்குதளமே ப்ராசஸைக் கொன்றால் கேட்கவே வேண்டாம்.

ஹேண்ட்லரே தவறினால் என்ன ஆகும்? நோட் வெளியேறும் குறியீடு 7-ஐக் காட்டிவிட்டுப் போகும். ஜாவா அந்த இரண்டாவது எக்ஸெப்ஷனைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். நினைவகம் தீர்ந்து வந்த எக்ஸெப்ஷனுக்கு ஜேசன் கட்டி, இணையத்தில் அனுப்பி, பதில் வரும்வரை காத்திருக்க முனையும் ஹேண்ட்லர்களைப் பார்த்தால், எழுதியவர் அந்தக் கணத்தை ஒருமுறையாவது மனத்தில் ஓட்டிப் பார்த்தாரா என்ற சந்தேகம் வரும். உள்ளூர்க் கோப்பில் எழுதிவிட்டு, அடுத்த தொடக்கத்தில் அனுப்புவதே நிதானமான வழி. அனுப்பும்போது எக்ஸெப்ஷன் செய்திக்குள் நோயாளியின் பெயரோ கடவுச்சொல்லோ ஒட்டிக்கொண்டு வெளியூர்ச் சேவையகத்துக்குப் போகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நோட்.ஜேஎஸ் 13.7 பதிப்பில் சேர்த்த அன்காட் எக்ஸெப்ஷன் மானிட்டர் என்ற நிகழ்வை நான் இந்த முறையின் முதிர்ந்த வடிவமாகக் கருதுகிறேன். அது ஹேண்ட்லரைக் கூப்பிட்டு எல்லா விவரத்தையும் தரும். ஆனால் ப்ராசஸின் முடிவை அதனால் மாற்ற முடியாது. பதிந்த பிறகு, யாரும் கேட்டுக்கொண்டிராவிட்டால் எப்படிச் செத்திருக்குமோ அப்படியே சாகும். டாட்நெட் 2.0-இன் அன்ஹேண்டில்ட் எக்ஸெப்ஷன் நிகழ்வும் சாரத்தில் இதுதான். பார்ப்பதையும் தீர்ப்பதையும் பிரித்து, பார்ப்பதை மட்டும் உச்சிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இவ்வளவு எழுதியும் பெரும்பாலான குழுக்கள் தங்கள் கடைசி ஹேண்ட்லரை ஒருமுறைகூட ஓட்டிப் பார்ப்பதில்லை. பார்ப்பவர்களும் டிபக்கரை இணைத்துக்கொண்டு பார்க்கிறார்கள்; டிபக்கர் இருந்தால் வின்ஃபார்ம்ஸ் தன் கேட்சை விலக்கிக்கொள்ளும், த்ரெட் எக்ஸெப்ஷன் நிகழ்வு எழும்பாது, வாடிக்கையாளரிடம் நடப்பது வேறாக இருக்கும். வெளியீட்டுப் பதிப்பில் மறைவான ஒரு பட்டியல் வைத்து, திரை த்ரெட்டில் ஒன்று, பின்னணி த்ரெட்டில் ஒன்று, டாஸ்க்கில் ஒன்று, ஹேண்ட்லருக்குள்ளேயே ஒன்று என்று எக்ஸெப்ஷனை வேண்டுமென்றே எறிந்து பார்க்கலாம். நான்கு கோப்புகள் வந்தனவா, நான்கிலும் பதிப்பு எண் இருக்கிறதா, எந்த முறை ப்ராசஸ் சாகவில்லை என்று குறித்துக்கொள்ள அரை நாள் ஆகும்.